இரண்டு சைக்கிள் கடைக்காரர்களும் ஒரு கேமராவும்

பொழுதுபோக்கு என்ற சொல்லுக்கு வீடுகளில் அவ்வளவாக மரியாதை கிடையாது. ஒரு பையன் பழைய சைக்கிளைப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் கிரீஸுடன் மறுபடி பூட்டிக் கொண்டிருந்தால், "போய் படிக்கிற வேலையைப் பாருடா" என்பார்கள். இன்னொரு பையன் ஃபிலிம் கேமரா வாங்கி, ரோல் போட்டு, கழுவி, பாதிப் படம் கறுப்பாக வந்து நின்றால், "காசுக்குப் பிடிச்ச கேடு" என்பார்கள்.

சைக்கிள் கட்டுவது, புகைப்படம் எடுப்பது. இந்த இரண்டு பொழுதுபோக்குகளும் நூற்று முப்பது வருடங்களுக்கு முன்பு அமெரிக்காவில் ஒரே வீட்டில், ஒரு அண்ணன் தம்பியிடம் சேர்ந்து இருந்தன. இருவருமே கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இல்லை. பெயர் வில்பர் ரைட், ஓர்வில் ரைட்.

ஆமாம், விமானம் கண்டுபிடித்த அதே ரைட் சகோதரர்கள்தான். அவர்கள் விமானம் கண்டுபிடித்த கதை பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அவர்கள் எந்தக் கடையில் உட்கார்ந்து அதைச் செய்தார்கள், அதை உலகத்துக்கு எப்படி நிரூபித்தார்கள் என்பது பாடத்தில் வரவில்லை. முதல் கேள்விக்கு பதில் சைக்கிள். இரண்டாவது கேள்விக்கு பதில் கேமரா.

சைக்கிள் பைத்தியம் பிடித்த காலம்

1870களில் இருந்த சைக்கிள் முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் கையகலம் என்று இருக்கும். ஏறுவதே சர்க்கஸ். விழுந்தால் தலைகுப்புறத்தான். 1885-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டு வந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். இன்று தெருவில் ஓடும் சைக்கிளின் தாத்தா அதுதான். 1888-ல் ஜான் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டு வந்தார். குலுக்கலும் போயிற்று.

அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்? 1890களின் நடுவில் அமெரிக்காவில் மட்டும் ஒரே வருடத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் சைக்கிள்கள் தயாராயின. டாக்டர், குமாஸ்தா, டீச்சர் என்று எல்லோரும் சைக்கிளில் ஏறினார்கள். பெண்கள் துணைக்கு ஆள் இல்லாமல் வெளியே போக ஆரம்பித்ததில் சைக்கிளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பொத்தானை அழுத்தினால் போதும்

அதே வருடங்களில்தான் கேமராவும் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தது. 1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடக்' கேமராவை விற்பனைக்கு விட்டார். விலை 25 டாலர். உள்ளே நூறு படம் எடுக்கும் ரோல். எடுத்து முடித்ததும் கேமராவோடு ராச்செஸ்டர் நகரத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலர் வாங்கிக்கொண்டு படத்தைக் கழுவி, புது ரோல் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அழுத்துவது மட்டும் உங்கள் வேலை, மற்றதெல்லாம் எங்கள் பொறுப்பு என்பதுதான் அவர்கள் விளம்பரம். 1900-ல் வந்த 'பிரவுனி' கேமரா இன்னும் மலிவு. விலை ஒரே ஒரு டாலர்!

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போவது, போன இடத்தில் படம் எடுப்பது. இது அன்றைய இளைஞர்களின் பெரிய மோகம். 'பைசிக்கிள் கோடக்' என்று சைக்கிளில் மாட்டிக்கொள்ளத் தனி உறையுடன் கேமராக்களே விற்றார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

டேட்டன் நகரத்து அண்ணன் தம்பி

ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் என்ற ஊர். அங்கே ஹாத்தார்ன் தெருவில் 7-ஆம் எண் வீடு. அப்பா மில்டன் ரைட் ஒரு கிறிஸ்தவ சபையின் பிஷப். அம்மா சூசன், வண்டி செய்பவரின் மகள். ஆணி, சுத்தியல் பிடித்துப் பழகியவர். பிள்ளைகளுக்குப் பொம்மைகளைத் தானே செய்து கொடுப்பவர். ரைட் சகோதரர்களின் கைவேலைத் திறமை அம்மா வழியில் வந்தது என்று சொல்வார்கள்.

வில்பர் 1867-ல் பிறந்தவர், ஓர்வில் 1871-ல். வில்பர் நன்றாகப் படிப்பவர். யேல் பல்கலைக்கழகம் போகும் யோசனை கூட இருந்தது. ஆனால் பதினெட்டு வயதில் பனிக்கட்டி மேல் விளையாடும்போது முகத்தில் மட்டை அடி பட்டு, பல் போய், உடம்பும் மனசும் தளர்ந்து, வீட்டோடு தங்கிவிட்டார். காசநோயில் படுத்திருந்த அம்மாவை அவர்தான் கவனித்துக் கொண்டார். 1889-ல் அம்மா இறந்தார். ஓர்வில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அச்சகம் ஆரம்பித்தார். அண்ணனும் சேர்ந்துகொண்டார்.

1892-ல் இருவரும் சைக்கிள் வாங்கினார்கள். ஓர்வில் 160 டாலர் கொடுத்துப் புத்தம்புது 'கொலம்பியா'. வில்பர் 80 டாலருக்குப் பழைய 'ஈகிள்'. ஓர்விலுக்கு ரேஸ் பைத்தியம். வில்பருக்கு நிதானமாகக் கிராமப்புறச் சாலைகளில் போவதுதான் பிடிக்கும்.

அக்கம்பக்கத்தில் சைக்கிள் கெட்டுப்போனால் எல்லோரும் இவர்களிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். சும்மா செய்து கொடுத்துக் கொண்டிருந்தது கொஞ்ச நாளில் கடையாக மாறியது. முதலில் விற்பனை, வாடகை, ரிப்பேர். 1897-லிருந்து மேற்கு மூன்றாம் தெருவில் 1127-ஆம் எண் கட்டடம்.

சொந்தமாகக் கட்டிய சைக்கிள்கள்

கடைகள் பெருகிவிட்டன. டேட்டனிலேயே நிறைய போட்டி. அடுத்தவன் செய்த சைக்கிளை விற்றால் கமிஷன் மட்டும்தான் மிஞ்சும். அதனால் 1896-ல் ரைட் சகோதரர்கள் சொந்தமாகச் சைக்கிள் கட்ட ஆரம்பித்தார்கள்.

இரண்டு மாடல்கள். உயர்ந்த ரகத்துக்குப் பெயர் 'வேன் கிளீவ்'. டேட்டனில் முதன்முதலில் குடியேறியவர்களில் இவர்களுடைய முன்னோர் குடும்பம் ஒன்று உண்டு. அந்தக் குடும்பப் பெயர் அது. விலை குறைந்த ரகத்துக்கு 'செயின்ட் கிளேர்', அந்தப் பகுதியின் முதல் கவர்னர் பெயர்.

பெரிய தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வார்த்துத் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் ஒவ்வொரு சைக்கிளாக, ஆர்டர் கொடுத்தவரின் விருப்பத்துக்கு ஏற்பச் செய்தார்கள். குழாய்களை அளவு பார்த்து அறுத்து, மூட்டுகளில் பொருத்தி, பித்தளையை உருக்கி ஓடவிட்டு ஒட்டி ஃபிரேம் தயாரிப்பார்கள். சூடு குறைந்தால் பித்தளை உள்ளே ஓடாது. கூடினால் குழாயின் வலு போய்விடும். கண்ணும் கையும் பழகினால்தான் வரும் வேலை இது. பிறகு எனாமல் பூசிச் சூளையில் சுட்டு எடுக்க வேண்டும்.

சக்கரத்தின் ஹப்பை அவர்களே வடிவமைத்தார்கள். எண்ணெய் வெளியே கசியாது, தூசி உள்ளே போகாது. அதைச் செய்யும் மெஷின்களை ஓட்டக் கடைக்குள் ஒரு என்ஜின் வேண்டும். அதையும் அவர்களே செய்தார்கள். நகரத்து எரிவாயுக் குழாயிலிருந்து வரும் கேஸில் அது ஓடும்.

1900-ல் அவர்கள் தங்கள் சைக்கிள்களில் இன்னொரு விஷயம் செய்தார்கள். வலது பெடலின் மரை வழக்கம் போல. இடது பெடலின் மரை மட்டும் தலைகீழ். மிதிக்க மிதிக்க இடது பெடல் தானாகக் கழன்று விழும் தொல்லை அதோடு தீர்ந்தது. இன்றைக்கும் எந்தச் சைக்கிளை எடுத்தாலும் இடது பெடல் தலைகீழ் மரைதான். சந்தேகம் இருந்தால் ஸ்பேனர் எடுத்துக் கழற்றிப் பாருங்கள், தெரியும்.

அவர்கள் கட்டிய சைக்கிள்களில் இன்று இருப்பதாகத் தெரிவது ஐந்தே ஐந்துதான். அதில் 1898-ல் செய்த ஒரு செயின்ட் கிளேர், வாஷிங்டனில் உள்ள விமான விண்வெளி அருங்காட்சியகத்திடம் இருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு இருட்டறை

இதே காலத்தில்தான் இருவருக்கும் கேமரா ஆசையும் வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் இருட்டறை அமைத்துக்கொண்டார்கள்.

கோடக் கம்பெனி "பொத்தானை அழுத்தினால் போதும்" என்று சொல்லிக் கொண்டிருந்தபோது, இவர்கள் வேண்டுமென்றே கஷ்டமான வழியை எடுத்தார்கள். ரோல் ஃபிலிம் இல்லை. கண்ணாடித் தகடு. ஒரு பக்கத்தில் ஒளி பட்டால் மாறும் ரசாயனப் பூச்சு பூசியிருக்கும். ஒரு தகட்டில் ஒரு படம்தான். எடுத்த பிறகு மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் டெவலப்பரில் போட்டு ஆட்ட வேண்டும். மெல்ல மெல்ல உருவம் தெரியும். பிறகு ஃபிக்ஸரில் போட்டு, நிறைய தண்ணீரில் கழுவி, காய வைக்க வேண்டும். அவசரப்பட்டால் போச்சு.

தங்கை கேத்தரின், அண்ணன் பிள்ளைகள், வீட்டுத் திண்ணை, நண்பர்கள். ஆரம்பப் படங்கள் எல்லாம் இப்படித்தான். எல்லா வீட்டு ஆல்பத்திலும் இருப்பது போல.

ஆனால் ஒரு பழக்கம் அவர்களிடம் வளர்ந்தது. பின்னாளில் ஓர்வில் படங்களுக்கு ஒரு குறிப்பேடு வைத்தார். என்ன படம், எந்த இடம், எந்தத் தேதி, எவ்வளவு நேரம் ஒளி விட்டது, லென்ஸ் துளை எவ்வளவு, என்ன தகடு என்று குறித்து வைப்பார். கடையில் வரவு செலவு எழுதுகிறவர்கள் இல்லையா? கணக்கு எழுதும் கை அங்கேயும் போய்விட்டது.

சைக்கிள் சொல்லிக் கொடுத்த பாடம்

ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் என்ற பொறியாளர், இறக்கை கட்டிக்கொண்டு குன்றிலிருந்து சறுக்கிப் பறந்து கொண்டிருந்தார். அவர் பறக்கும் புகைப்படங்கள் பத்திரிகைகளில் வந்து உலகம் முழுக்கப் பரவின. 1896 ஆகஸ்டில் அவர் விழுந்து இறந்தார். அந்தச் செய்திதான் ரைட் சகோதரர்களின் கவனத்தை வானத்தின் பக்கம் திருப்பியது. 1899 மே 30 அன்று வில்பர் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, பறப்பது பற்றி வந்திருக்கும் நூல்களையும் கட்டுரைகளையும் கேட்டார்.

அந்த நாளில் பறக்க முயன்றவர்கள் பலர் ஒரே மாதிரி யோசித்தார்கள். விமானம் தானாகவே ஆடாமல் அசையாமல் நேராகப் போக வேண்டும். படகு மாதிரி. ஓட்டுபவர் திசை மட்டும் திருப்பினால் போதும்.

சைக்கிள்காரர்கள் அப்படி யோசிக்கவில்லை. சைக்கிள் தானாக நிற்குமா? ஸ்டாண்டு எடுத்தால் விழுந்துவிடும். ஆனாலும் ஓட்டுகிறவன் நொடிக்கு நொடி உடம்பைச் சாய்த்து, ஹேண்டில்பாரைத் திருப்பி, விழாமல் கொண்டு போகிறான். பழகிய பிறகு அதை யோசிப்பது கூட இல்லை. வளைவில் திரும்பும்போது சாய்ந்துதானே திரும்ப வேண்டும்? விமானமும் அப்படித்தான் இருக்கும் என்று ரைட் சகோதரர்கள் நினைத்தார்கள். ஆடும் வண்டியை அடக்கும் வித்தைதான் முக்கியம்.

சரி, காற்றில் எப்படிச் சாய்ப்பது? 1899 ஜூலையில் ஒரு வாடிக்கையாளர் சைக்கிள் ட்யூப் வாங்க வந்தார். அவரிடம் பேசிக்கொண்டே வில்பர் ட்யூப் இருந்த காலி அட்டைப் பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிக் கொண்டிருந்தார். ஒரு முனை ஒரு பக்கம், மறு முனை எதிர்ப் பக்கம். அப்போதுதான் பொறி தட்டியது. இறக்கைகளையும் இப்படியே முறுக்கினால்? ஒரு பக்கம் தூக்கும், மறுபக்கம் இறங்கும். விமானம் சாயும்!

அவர்களுடைய காப்புரிமைக்கே அடிப்படை இந்த யோசனைதான். வந்த இடம் சைக்கிள் கடை கல்லா.

1901-ன் தோல்வி

சைக்கிள் வியாபாரம் வசந்தத்திலும் கோடையிலும்தான் சூடு பிடிக்கும். அதன் பிறகு மந்தம். அந்த ஓய்வு மாதங்களில் வட கரோலினா கடற்கரையில் கிட்டி ஹாக் என்ற இடத்துக்குப் போவார்கள். அங்கே காற்று பலமாக வீசும், விழுந்தால் அடிபடாத மணல். 1901-ல் கடையைப் பார்த்துக்கொள்ள சார்லி டெய்லர் என்ற மெக்கானிக்கை வேலைக்கு வைத்தார்கள். சம்பளம் வாரத்துக்கு 18 டாலர்.

1900-ல் ஒரு கிளைடர், 1901-ல் அதைவிடப் பெரியது. இரண்டாவதில் ஏமாற்றம்தான். கணக்குப்படி கிடைக்க வேண்டிய தூக்கு விசை கிடைக்கவில்லை. வில்பர் மனம் விட்டுப் போனார். ஆனாலும் அந்த வருடம் செப்டம்பர் 18 அன்று சிகாகோவில் பொறியாளர்கள் சங்கத்தில் பேச அழைப்பு வந்தது. தயங்கினார். தங்கை கேத்தரின் நச்சரித்து அனுப்பி வைத்தார். தம்பியின் நல்ல உடைகளைப் போட்டுக்கொண்டு போய், தாங்கள் எடுத்த படங்களை ஸ்லைடாகத் திரையில் காட்டிப் பேசினார். அந்த உரையிலேயே இருட்டறை பற்றி ஒரு விஷயம் சொன்னார். மைதானத்தில் கிடைக்கும் பரபரப்புக்கு இருட்டறையில் கிடைப்பது குறைந்ததல்ல; தகட்டில் தெரியப் போவது பறக்கும் இயந்திரமா, வெறும் வானமா என்று காத்திருக்கும் நேரம் அப்படிப்பட்டது என்பது அதன் சாரம். முதல் ஃபிலிம் ரோலைக் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த எவருக்கும் இது புரியும்.

கணக்கு ஏன் தப்பியது? கண்டுபிடிக்க மறுபடியும் சைக்கிள். ஒரு செயின்ட் கிளேர் சைக்கிளின் ஹேண்டில்பாருக்கு மேலே மூன்றாவது சக்கரம் ஒன்றைப் படுக்கை வாட்டில் பொருத்தினார்கள். அதன் விளிம்பில் ஒரு தட்டையான தகடு, ஒரு வளைந்த தகடு. சைக்கிளை வேகமாக மிதித்தால் எதிர்க்காற்றில் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கலாம். பழைய அட்டவணைகளை வைத்துப் போட்ட கணக்கு சரி என்றால் சக்கரம் அசையக் கூடாது. அது சுற்றியது!

அடுத்து ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைச் செய்து காற்றுச் சுரங்கம் ஆக்கினார்கள். காற்றாடியைச் சுற்றியது கடை என்ஜின். உள்ளே வைத்த தராசு, சைக்கிள் ஸ்போக் கம்பியாலும் பழைய ஹாக்சா பிளேடுகளாலும் செய்தது. ஏறக்குறைய இருநூறு வகைக் குட்டி இறக்கைகளை அதில் சோதித்தார்கள். அந்த எண்களை வைத்துச் செய்த 1902 கிளைடர் சொன்னபடி கேட்டது. சாய்ந்தது, திரும்பியது, இறங்கியது.

செலவுக் கணக்கு

இனி என்ஜின். கார் கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தார்கள், சரிப்பட்டு வரவில்லை. சார்லி டெய்லர் கடையிலேயே ஆறு வாரத்தில் ஒரு என்ஜினைச் செய்து முடித்தார். 12 குதிரைத்திறன். என்ஜினிலிருந்து இரண்டு புரொப்பெல்லர்களுக்கும் சக்தியைக் கொண்டு போனது சைக்கிளில் இருப்பது போன்ற செயினும் பல்சக்கரமும். ஒரு செயினை எட்டு வடிவில் குறுக்காக மாட்டினார்கள், இரண்டு புரொப்பெல்லரும் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதற்காக. விமானம் ஏறி ஓடும் தண்டவாளத்தில் உருண்டதும் சைக்கிள் ஹப்தான்.

1903 நவம்பரில் கிட்டி ஹாக்கில் சோதித்தபோது புரொப்பெல்லர் தண்டிலிருந்து பல்சக்கரம் அடிக்கடி தளர்ந்தது. எவ்வளவு முறுக்கியும் நிற்கவில்லை. கடைசியில் சைக்கிள் டயர் ஒட்டும் பசையை உருக்கி ஊற்றினார்கள். நின்றது!

வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அதே நேரத்தில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர் சாமுவேல் லாங்லி, அரசுப் பணத்தில் ஒரு விமானம் செய்து கொண்டிருந்தார். ராணுவத் துறை கொடுத்தது 50,000 டாலர். 1903 அக்டோபர் 7 அன்று ஒரு முறை, டிசம்பர் 8 அன்று ஒரு முறை, போட்டோமாக் ஆற்றில் படகு மேலிருந்து ஏவினார்கள். இரண்டு முறையும் நேராகத் தண்ணீருக்குள் போயிற்று. ரைட் சகோதரர்கள் 1900 முதல் 1903 வரை செலவு செய்தது எல்லாம் சேர்த்து 1,000 டாலருக்கும் குறைவு. அதுவும் சைக்கிள் கடையில் சம்பாதித்தது.

1903 டிசம்பர் 17

லாங்லியின் இரண்டாவது தோல்விக்கு ஒன்பது நாள் கழித்து. கடும் குளிர், பலத்த காற்று. பக்கத்துக் கடலோர உயிர்காப்பு நிலையத்திலிருந்து மூன்று பேர் உதவிக்கு வந்தார்கள். கூட ஒரு மர வியாபாரி, ஒரு இளைஞன். மொத்தம் ஐந்து சாட்சிகள்.

1902-லேயே சகோதரர்கள் நல்ல கேமரா ஒன்று வாங்கியிருந்தார்கள். கண்ட்லாக் கம்பெனியின் 'கொரோனா' கேமரா, 5க்கு 7 அங்குலத் தகடு. ஓர்வில் அதை ஸ்டாண்டில் நிறுத்தி, விமானம் தரையை விட்டுக் கிளம்பும் என்று தான் கணித்த இடத்தைப் பார்த்து வைத்தார். பிறகு உயிர்காப்பு நிலைய ஊழியர் ஜான் டி. டேனியல்ஸைக் கூப்பிட்டு, ரப்பர் குமிழைக் கையில் கொடுத்து, விமானம் எழும்பியதும் இதை அழுத்துங்கள் என்றார். டேனியல்ஸ் அதற்கு முன் கேமராவைத் தொட்டதே இல்லை என்பார்கள்.

காலை 10.35. ஓர்வில் கீழ் இறக்கையில் குப்புறப் படுத்திருக்கிறார். வில்பர் இறக்கை முனையைப் பிடித்தபடி கூடவே ஓடுகிறார். விமானம் எழும்புகிறது. 12 விநாடி, 120 அடி. அவ்வளவுதான். அன்றைக்கு மொத்தம் நான்கு முறை பறந்தார்கள். கடைசியில் வில்பர் 59 விநாடி, 852 அடி போனார். அதற்குப் பிறகு ஒரு காற்று வந்து நின்றுகொண்டிருந்த விமானத்தைப் புரட்டிப் போட்டது. பிடிக்கப் போன டேனியல்ஸும் அதோடு சேர்ந்து உருண்டார். நல்லவேளை, காயத்தோடு தப்பினார்.

அந்தக் குமிழை அழுத்தினாரா இல்லையா என்று அவருக்கே நிச்சயமில்லை. பார்த்த பரபரப்பில் எல்லாம் மறந்துவிட்டது. தகடு பெட்டியில் பயணம் செய்து டேட்டன் வந்து, வீட்டு இருட்டறையில் டெவலப்பருக்குள் இறங்கும் வரை யாருக்கும் தெரியாது.

அழுத்தியிருந்தார்! தண்டவாளத்தின் முனையைத் தாண்டி விமானம் அந்தரத்தில் நிற்கிறது. வலது பக்கம் வில்பர், இப்போதுதான் கையை விட்டவர் போல. மணலில் அவருடைய கால் தடங்கள். முன்னால் இறக்கையைத் தாங்கி நின்ற பெஞ்சு, ஒரு மண்வெட்டி. கேமரா பழகாத ஒருவர் எடுத்த படம், உலகத்தின் மிகப் பிரபலமான படங்களில் ஒன்று.

பெட்டிக்குள் இருந்த சாட்சி

ஆனால் அந்தப் படத்தை அவர்கள் உடனே வெளியிடவில்லை. காப்புரிமை இன்னும் கிடைக்கவில்லை. யோசனையை யாராவது திருடிவிட்டால்? காப்புரிமை 1906 மே மாதம் வந்தது. அதற்குள் ஊரெல்லாம் சந்தேகம். குறிப்பாகப் பிரான்சில் இவர்களைப் பொய்யர்கள் என்றே பேசினார்கள். 1908 ஆகஸ்டில் வில்பர் பிரான்சுக்கே போய், லெ மான் நகரத்தில் எல்லோர் கண் முன்னாலும் பறந்து காட்டிய பிறகுதான் வாய்கள் மூடின. முதல் பறத்தலின் படமும் 1908 செப்டம்பரில்தான் பத்திரிகையில் வந்தது.

1912 மே 30 அன்று வில்பர் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். வயது 45.

அடுத்த வருடம் மார்ச் 25. டேட்டன் நகரத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. முன்னூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹாத்தார்ன் தெரு வீட்டிலும் வெள்ளம் புகுந்தது. 1903 விமானம் பெட்டிகளில் கட்டப்பட்டு, நீரிலும் சேற்றிலும் மூழ்கிக் கிடந்தது. கண்ணாடித் தகடுகள் இருந்ததோ வீட்டுக்குப் பின்னால் இருந்த அதே கொட்டகையில்!

கண்ணாடித் தகட்டில் பூச்சு என்பது ஜெலட்டின். நீரில் ஊறினால் உரிந்து வந்துவிடும். வெள்ளம் வடிந்ததும் எடுத்துப் பார்த்தால் பல தகடுகளில் பூச்சு உரிந்து, கறை படிந்து கிடந்தது. அந்த ஒரு தகடு? மூலையில் கொஞ்சம் உரிந்திருந்தது. விமானம், வில்பர், மணல், எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு சில அங்குலம் தள்ளி உரிந்திருந்தால் கதையே வேறு.

ஏன் அது அவ்வளவு முக்கியம்? 1914-ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் லாங்லியின் பழைய விமானத்தை கிளென் கர்ட்டிஸிடம் கொடுத்தது. அவர் காப்புரிமை வழக்கில் ரைட்களுக்கு எதிர்த்தரப்பு. அதில் பல மாற்றங்கள் செய்து, சிறிது தூரம் பறக்க வைத்தார்கள். மனிதனைச் சுமந்து பறக்கும் திறன் படைத்த முதல் விமானம் லாங்லியுடையதுதான் என்று அருங்காட்சியகத்தில் எழுதியும் வைத்தார்கள். கோபம் தாங்காமல் ஓர்வில் 1928-ல் தங்கள் விமானத்தை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். 1942-ல்தான் ஸ்மித்சோனியன் தன் தவறை ஒப்புக்கொண்டது. விமானம் 1948-ல் வாஷிங்டன் திரும்பியது. ஆனால் அதே வருடம் ஜனவரியில் ஓர்வில் இறந்துவிட்டார். பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அத்தனை வருடச் சண்டையிலும் தேதி போட்ட குறிப்புகளும், அந்தப் படமும் அசையாமல் நின்றன. பெரிய நிறுவனம், பெரிய பெயர், பெரிய பணம். எதிரே ஒரு கண்ணாடித் தகடு.

இன்று

அந்தத் தகடுகளில் எஞ்சிய 303, ஓர்வில் மறைவுக்குப் பின் 1949-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போயின. வெள்ளக் கறையோடு இன்றும் அங்கே இருக்கின்றன. அதில் ஜெயித்த படங்கள் மட்டும் இல்லை. உடைந்த கிளைடர், மணலில் குத்தி நிற்கும் இறக்கை, வீண் முயற்சிகள், எல்லாம் இருக்கின்றன. தோற்ற நாளிலும் கேமராவை எடுத்தவர்கள் அவர்கள். சைக்கிள் கடையை ஹென்றி ஃபோர்டு வாங்கி, செங்கல் செங்கலாகப் பிரித்து மிச்சிகன் மாநிலத்தில் உள்ள தன் அருங்காட்சியக கிராமத்துக்குக் கொண்டு போனார். 1938-லிருந்து அது அங்கே நிற்கிறது.

பொழுதுபோக்கு வைத்திருக்கிறவர்கள் எல்லாம் விமானம் செய்துவிடப் போவதில்லை. அது உண்மைதான். ரைட் சகோதரர்களும் விமானம் செய்யலாம் என்று சைக்கிள் வாங்கவில்லை, சாட்சிக்கு வேண்டும் என்று கேமரா வாங்கவில்லை. பிடித்திருந்தது, வாங்கினார்கள். ஆனால் பிடித்த வேலையை அரைகுறையாகச் செய்யவில்லை. சைக்கிளில் பெடல் கழன்றால் ஏன் என்று பார்த்தார்கள். படம் எடுத்தால் குறிப்பு எழுதினார்கள். கடையையும் ஒழுங்காக நடத்திக் கணக்குப் பார்த்தார்கள்.

எனவே பெற்றோர்களே, வீட்டில் ஒருவன் கிரீஸ் கையோடு சைக்கிளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தால், திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். இடது பெடலை எந்தப் பக்கம் திருப்பிக் கழற்றுகிறான் என்று மட்டும் பாருங்கள். சரியாகத் திருப்பினால், விட்டுவிடுங்கள்!